ஒரே பக்கம், பல தோற்றம்

அச்சேறிய நூலொன்றின் ஆயிரம் படிகளை ஆயிரம் பேர் வாங்கினாலும், முப்பதாம் பக்கத்தின் முதல் வரி அத்தனை பேர் கண்ணுக்கும் ஒரே சொல்லிலே தொடங்கி ஒரே சொல்லிலே முடியும். எழுத்தின் பருமனும் ஓரத்து வெளியும் தாளின் நிறமும் அச்சுக்கூடத்திலேயே முடிவு செய்யப்பட்டுவிட்டன. வாசிப்பவர் அவற்றுள் எதனையும் மாற்ற இயலாது. இணையத்தளத்தின் பக்கமோ இத்தன்மையதன்று. ஒருவர் தம் வீட்டுக் கணினியிலே திறந்து பார்த்த பக்கத்தை அவர் நண்பர் வேறொரு கணினியிலே, வேறோர் உலாவி கொண்டு திறந்து பார்ப்பாராயின், தலைப்பு இடம் மாறி நிற்கக் காண்பார். இரண்டு பத்திகளாக இருந்தவை ஒன்றன்கீழ் ஒன்றாய் விழுந்திருக்கும். எழுத்து சிறுத்தோ பருத்தோ தோன்றும். பக்கம் ஒன்றே, அதனை அனுப்பிய இடமும் ஒன்றே. பின்னர் இவ்வேறுபாடு எவ்வாறு வந்தது?

இவ்வினாவுக்கு, "எழுதியவரின் கவனக்குறைவு" என்று சுருக்கமாக விடை கூறுவார் பலர். அது முழு உண்மையாகாது. இணையத்தின் வரலாற்றை ஆராய்ந்து பார்ப்போமாயின், இவ்வேறுபாட்டிலே ஒரு பகுதி பிறப்பிலேயே வேண்டுமென்று வைக்கப்பட்டது என்பதும், மற்றொரு பகுதி வணிகப் போட்டியினால் விளைந்தது என்பதும் தெளிவாகும். இரண்டையும் பிரித்தறிவதே இன்றைய பேச்சின் நோக்கம்.

சுவிற்சர்லாந்திலே ஜெனீவா நகரின் எல்லையில் சேர்ண் எனப்படும் ஐரோப்பிய அணுவியல் ஆராய்ச்சி நிலையம் உளது. அங்கே பணியாற்றிய ஆங்கிலேயரான ரிம் பேர்ணர்ஸ்-லீ என்பவர் 1989ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திலே தம் மேலதிகாரிகளுக்கு ஒரு திட்டத்தைச் சமர்ப்பித்தார். அந்நிலையத்திலே பல நாட்டு விஞ்ஞானிகள் கூடினர். தத்தம் கணினிகளையும் தத்தம் வழக்கங்களையும் கொண்டு வந்தனர். ஐ.பி.எம். பெருங்கணினி ஒருபுறம், வாக்ஸ் கணினி ஒருபுறம், மக்கின்ரொஷ் ஒருபுறம் என ஒன்றோடொன்று பேசாத இயந்திரங்கள் அங்கே நிறைந்திருந்தன. ஒன்றிலே எழுதிய குறிப்பை மற்றொன்றிலே படிப்பது பெரும்பாடாயிற்று. அக்குறையைத் தீர்க்கவே உலகளாவிய வலை என்னும் அமைப்பை அவர் வகுத்தார். 1990ஆம் ஆண்டின் இறுதிக்குள் முதல் உலாவியும் முதல் தளமும் நெக்ஸ்ட் என்னும் வகைக் கணினி ஒன்றிலே இயங்கத் தொடங்கின.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனித்தல் வேண்டும். எல்லாக் கணினிகளிலும் படிக்கத்தக்க பக்கத்தை எழுத வேண்டுமாயின், அப்பக்கத்திலே தோற்றத்தைப் பற்றி யாதும் கூறாதிருத்தலே நன்று என்று பேர்ணர்ஸ்-லீ கருதினார். ஆகவே அவர் வகுத்த எச்.ரி.எம்.எல். என்னும் குறிமுறையிலே, "இது தலைப்பு", "இது பந்தி", "இது பட்டியல்" என்று பொருளின் உறுப்புகளுக்குப் பெயரிடும் குறிகளே பெரிதும் இருந்தன. தலைப்பை எத்தனை பெரிதாக எழுதுவது, எந்நிறத்தில் எழுதுவது என்பனவற்றை உலாவியே தீர்மானித்துக்கொள்ளும். நெக்ஸ்ட் கணினியிலே பெரிய, தடித்த எழுத்திலே தலைப்புத் தோன்றிற்று. அவ்வகைக் கணினியோ விலையுயர்ந்தது. சேர்ணிலேயே அதனை வைத்திருந்தோர் சிலர். ஆதலின் நிக்கோலா பெலோ என்னும் மாணவி, எழுத்துகளை மட்டும் வரிவரியாகக் காட்டும் பழைய முனையங்களிலும் இயங்கக்கூடிய மற்றோர் உலாவியை ஆக்கினார். அதிலே படமில்லை, எழுத்துருவில்லை. இணைப்புகளின் அருகே அடைப்புக்குறிக்குள் ஓர் எண் தோன்றும். வாசிப்பவர் அவ்வெண்ணைத் தட்டினால் அடுத்த பக்கம் வரும். ஆயினும் படிக்க வேண்டியதெல்லாம் படிக்கக் கிடைத்தது. சேர்ணிலுள்ளோர் வலையை முதன்முதலிற் பெரிதும் பயன்படுத்தியது நிலையத்தின் தொலைபேசி எண்களைத் தேடுவதற்கே என்பர். தொலைபேசி எண்ணைத் தேடுபவருக்கு எழுத்தின் அழகு எதற்கு?

எனவே, ஒரு பக்கம் இரு கணினிகளில் இரு வேறு வகையாகத் தோன்றுவது அந்நாளிற் குறையாகக் கருதப்படவில்லை. அவரவர் கருவிக்கும் கண்ணுக்கும் ஏற்ப அது தோன்றுதலே முறையென எண்ணப்பட்டது. பார்வை குன்றியவர் பெரிய எழுத்திலே பார்க்கலாம். பார்வையற்றவர் கணினியைக் கொண்டு வாசிக்கக் கேட்கலாம். இக்கொள்கையே இணையத்தின் தலைசிறந்த கொள்கை என்பது என் துணிபு. அதனை ஆக்கியோர் எதிர்பாராத வேகத்திலே அது சோதனைக்குள்ளாயிற்று.

1993ஆம் ஆண்டு ஏப்பிரல் 30ஆம் நாள், வலையின் மென்பொருளை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று சேர்ண் நிலையம் அறிவித்தது. அதே ஆண்டில் அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்திலே மார்க் அன்ட்றீசன், எரிக் பீனா என்னும் இருவர் மொசைக் என்னும் உலாவியை வெளியிட்டனர். எழுத்துக்கு நடுவே படத்தையும் அதே பக்கத்திற் காட்டும் ஆற்றலே அதன் புகழுக்குக் காரணமாயிற்று. படம் வந்ததும் வாசிப்போர் பெருகினர். வாசிப்போர் பெருகவே வணிகரும் பத்திரிகைக்காரரும் விளம்பரக்காரரும் வந்து சேர்ந்தனர். இவர்கள் அச்சுலகிலே பழகியவர்கள். தங்கள் சின்னம் இந்த மூலையிலே, இந்த நிறத்திலே, இத்தனை அங்குலத்திலே நிற்றல் வேண்டும் என்று கேட்டுப் பழகியவர்கள். "அதை உலாவி பார்த்துக்கொள்ளும்" என்ற விடை அவர்களுக்கு உவப்பாயில்லை.

அன்ட்றீசன் முதலியோர் தொடங்கிய நெட்ஸ்கேப் நிறுவனம் 1994ஆம் ஆண்டு திசம்பரிலே தன் உலாவியின் முதற்பதிப்பை வெளியிட்டது. எவருடைய இசைவையும் எதிர்பாராது, எழுத்தின் பருமனைக் குறிக்கவும் வரியை நடுவில் நிறுத்தவும் புதிய குறிகளை அது சேர்த்துக்கொண்டது. எழுத்தை விளக்கு மின்னுவதுபோல மின்னச் செய்யும் குறியொன்றும் அந்நிறுவனத்தாரின் ஆக்கமே. அதனால் நொந்த கண்கள் பல. 1995ஆம் ஆண்டு ஓகஸ்டு மாதத்திலே நெட்ஸ்கேப்பின் பங்குகள் சந்தைக்கு வந்து பெருவிலை போயின. அதே மாதத்திலே மைக்ரோசொப்ட் நிறுவனம் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் என்னும் உலாவியுடன் களத்திலிறங்கிற்று. நெட்ஸ்கேப் எழுத்தை மின்னச் செய்தால், மைக்ரோசொப்ட் அதனை வலமிருந்து இடமாக ஓடச் செய்தது. ஒன்று கொண்டுவந்த குறி மற்றொன்றுக்கு விளங்காது. இவ்வாறு தொடங்கியதே உலாவிப் போர் என்று வரலாற்றிலே பெயர்பெற்ற போட்டி. இருதரப்பும் ஆண்டுக்கொரு புதுப்பதிப்பை, சில வேளைகளில் அதனினும் விரைவாக, வெளியிட்டுக்கொண்டிருந்தன.

போர் மூளுமுன்னரே அதனைத் தவிர்க்க வழி சொன்னவர் ஒருவர் உளர். ஹோக்கன் வியும் லீ என்னும் நோர்வே நாட்டவர், சேர்ணிலே பணிபுரிந்த காலத்தில், 1994ஆம் ஆண்டு ஒக்டோபர் 10ஆம் நாள் ஒரு திட்டத்தை வெளியிட்டார். நெட்ஸ்கேப் தன் உலாவியின் முன்பதிப்பை வெளியிடுதற்கு மூன்று நாளே முந்தியது அது. பக்கத்தின் பொருளை ஓரிடத்திலும் அதன் அலங்காரத்தை வேறொரு தாளிலும் எழுதிவைத்தல் வேண்டும் என்பது அத்திட்டத்தின் சாரம். அத்தாளுக்கு நடைத்தாள் என்று பெயர் கொள்வோம், சி.எஸ்.எஸ். என்று உலகம் அழைப்பது அதனையே. ஒல்லாந்து நாட்டவரான பெர்ட் பொஸ் என்பவர் அவருடன் இணைந்துகொண்டார். ஆசிரியர் விரும்பும் தோற்றத்தையும் வாசிப்பவர் விரும்பும் தோற்றத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, எந்த விருப்பம் எவ்வளவுக்குச் செல்லும் என்று நூற்றுவீதத்திலே கணக்கிடலாம் என்றும் லீயின் முதற்திட்டம் கூறிற்று. ஆசிரியரும் வாசகரும் உடன்படிக்கை செய்துகொள்வது போன்ற அழகிய எண்ணம் அது. நூற்றுவீதக் கணக்குக் கைவிடப்பட்டபோதிலும், இருவர் விருப்பமும் அடுக்கப்படும் என்னும் அடிப்படை நிலைத்தது. 1994இலேயே நிறுவப்பட்ட உலகளாவிய வலைக் கூட்டமைப்பு, 1996ஆம் ஆண்டு திசம்பர் 17ஆம் நாள் சி.எஸ்.எஸ். முதல் நிலையைத் தன் பரிந்துரையாக வெளியிட்டது.

விதி எழுதியாயிற்று, அதனை நிறைவேற்றுவோர் யார்? ஈண்டு ஓர் எடுத்துக்காட்டைச் சற்று விரிவாகக் கூறுதல் தகும். எல்லாத் தொல்லைகளிலும் பெயர்பெற்ற தொல்லை இது. இணையப் பக்கத்தின் ஒவ்வோர் உறுப்பும் ஒரு பெட்டியாகக் கொள்ளப்படும். பெட்டிக்குள் எழுத்து, எழுத்தைச் சுற்றி ஓர் உள்வெளி, அதனைச் சுற்றி ஒரு கரை. "இப்பெட்டியின் அகலம் 200 புள்ளி" என்று ஆசிரியர் எழுதினால், அந்த 200 எழுத்துக்குரிய இடத்தை மட்டும் குறிக்கும் என்பது கூட்டமைப்பின் விதி. உள்வெளி இருபுறமும் இருபது இருபதும், கரை இருபுறமும் ஐந்தைந்தும் வைத்தால், பெட்டியின் மொத்த அகலம் 250 ஆகும். மைக்ரோசொப்டின் உலாவியோ, விண்டோஸ் கணினிகளில் இயங்கிய 4ஆம், 5ஆம் பதிப்புகளிலே, 200 என்பதற்குக் கரை முதற் கரை வரை என்று பொருள் கொண்டது. ஆகவே உள்ளே எழுத்துக்கு எஞ்சியது 150 மட்டுமே.

இதனால் விளைந்ததென்ன? 600 புள்ளி அகலமுள்ள பக்கத்திலே, இடப்புறம் இந்தப் பெட்டியையும் வலப்புறம் 400 புள்ளிப் பெட்டியொன்றையும் ஒருவர் வைக்கின்றார் என்று கொள்வோம். மைக்ரோசொப்டின் கணக்குப்படி 200உம் 400உம் சேர்ந்து 600. இரண்டும் பொருந்தி நிற்கும். விதியைப் பின்பற்றிய ஒபரா போன்ற உலாவியிலே 250உம் 400உம் சேர்ந்து 650, இடம் போதாது. வலப்புறப் பெட்டி கீழே விழுந்துவிடும். பார்ப்பவர் "பக்கம் உடைந்துவிட்டது" என்பார். பக்கம் எழுதியவரும் உலாவி ஆக்கியவரும் தத்தம் கணக்கிலே பிழையில்லை என்பர். ஒரு சொல்லுக்கு இருவர் இருபொருள் கொண்டதே அத்தனைக்கும் காரணம். இதிலே நகைப்புக்குரிய செய்தியொன்றும் உண்டு. மரப்பெட்டி வாங்கப் போகின்றவன் பெட்டியின் அகலம் என்று புறத்தையே அளப்பானன்றி உள்ளிருக்கும் பொருளையல்லவே! மைக்ரோசொப்டின் கணக்கே எளிது என்று பிற்காலத்தார் பலர் கண்டனர். இன்று எந்தக் கணக்கைக் கொள்வது என்பதை ஆசிரியரே தேர்ந்துகொள்ளச் சி.எஸ்.எஸ். இடந்தருகின்றது, தேர்ந்துகொள்வோரிற் பெரும்பாலார் அந்தப் பழைய "பிழை"யையே தேர்கின்றனர்.

நெட்ஸ்கேப் மட்டும் குற்றமற்றதா எனின், அன்று. 1997இல் வெளிவந்த அதன் 4ஆம் பதிப்பு, தான் வேறொரு முறையை முன்மொழிந்திருந்தமையால், நடைத்தாளின் விதிகளை உள்ளே யாவாஸ்கிறிப்ற் என்னும் நிரல்மொழியாக மாற்றியே நிறைவேற்றிற்று. வாசிப்பவர் அந்நிரல்மொழியை நிறுத்திவைத்தாராயின் அலங்காரமும் உடன் மறையும். சாளரத்தைச் சற்று அகட்டினாற் பக்கத்தின் ஒழுங்கு குலைவதும் உண்டு.

இன்னொன்று: எழுதுவோர் எல்லோரும் இலக்கணப் பிழையின்றி எழுதுவரோ? தொடங்கிய குறியை முடிக்க மறப்பர். தடித்த எழுத்துக் குறியையும் சாய்ந்த எழுத்துக் குறியையும் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிவிடுவர். சரியான பக்கத்தை எவ்வாறு காட்டுவது என்று விதிகள் கூறினவேயன்றி, பிழையான பக்கத்தை என்செய்வது என்று அவை கூறவில்லை. ஆகவே ஒவ்வோர் உலாவியும் தன் ஊகத்தின்படி நடந்தது. அட்டவணையொன்றின் முடிவுக் குறியை எழுத மறந்தால், எக்ஸ்புளோரர் அதனைப் பொறுத்துக்கொண்டு அட்டவணையைக் காட்டும். நெட்ஸ்கேப் அந்த அட்டவணையையே காட்டாது விட்டுவிடும். பக்கம் முழுவதையும் அட்டவணைக்குள் அடைத்து வைக்கும் வழக்கம் அக்காலத்திலே பரவியிருந்தது. ஒரு குறி தவறினால் வாசகர் காண்பது வெறும் வெண்மையே.

இதுகாறும் உலாவிகளைப் பற்றியே கூறினோம். கணினிகளும் தம் பங்குக்கு வேற்றுமை செய்தன. மக்கின்ரொஷ் கணினி ஓர் அங்குலத்துக்கு 72 புள்ளி என்றும், விண்டோஸ் 96 புள்ளி என்றும் கணக்கிட்டன. 12 புள்ளியளவு எழுத்து என்று அச்சுக்காரர் வழக்கப்படி எழுதினால், முன்னதிலே அது திரையின் 12 புள்ளி உயரமும் பின்னதிலே 16 புள்ளி உயரமும் பெறும். விண்டோசிலே அளவாகத் தோன்றிய எழுத்து மக்கின்ரொஷ் திரையிலே கண்ணைச் சுருக்கிப் பார்க்குமளவு சிறுத்துவிடும். ஒளியின் அளவீட்டிலும் அவை உடன்படவில்லை. ஆதலின் மக்கின்ரொஷிலே வரைந்த படம் விண்டோஸ் திரையிலே இருண்டு தோன்றிற்று. 2009ஆம் ஆண்டிலேதான் அப்பிள் நிறுவனம் ஏனையோர் கொண்ட அளவுக்கு மாறிற்று. 256 நிறம் மட்டும் காட்டக்கூடிய திரைகள் பரவியிருந்த நாளிலே, எங்கும் மாறாது தோன்றத்தக்க நிறங்கள் 216 மட்டுமே என்று வகுத்துக்கொண்டு ஓவியர்கள் அதற்குள்ளே அடங்கி வாழ்ந்தனர். எழுத்துருவின் கதையும் இதுவே. ஆசிரியர் குறித்த எழுத்துரு வாசகரின் கணினியில் இல்லையாயின், உள்ளதொன்றை உலாவி எடுத்துக்கொள்ளும். 1996இல் மைக்ரோசொப்ட் சில எழுத்துருக்களை எவரும் விலையின்றிப் பெற்றுக்கொள்ள வழங்கிற்று. மத்தியூ காட்டர் வரைந்த வேர்டானா, ஜோர்ஜியா என்னும் இரண்டும் அவ்வழியே உலகெங்கும் பரவின.

பக்கம் ஆக்குவோர் இவற்றுக்கெல்லாம் ஈடுகொடுக்க வேண்டியிருந்தது. ஒரே தளத்தை இரண்டு படியாக எழுதி, வருகின்ற உலாவியின் பெயரைக் கேட்டு, அதற்குரியதைக் கொடுத்தனர் சிலர். "இத்தளத்தை இன்ன உலாவியிற் பார்க்கவும்" என்று வாயிலிலே பலகை தொங்கவிட்டனர் வேறு சிலர். பெயர் கேட்கும் வழக்கம் வந்ததும் பொய்ப்பெயர் கூறும் வழக்கமும் வந்தது. நெட்ஸ்கேப் தன்னை மொசில்லா என்று கூறிக்கொள்ளும். அப்பெயர் கூறியவருக்கே நல்ல பக்கம் கிடைக்கும் என்று கண்ட எக்ஸ்புளோரரும் தன்னை மொசில்லா என்றே கூறத் தொடங்கிற்று. இன்றுவரை ஏறக்குறைய எல்லா உலாவிகளும் மொசில்லா என்றே தம்மை அறிமுகஞ் செய்து உள்ளே நுழைகின்றன.

போர் முடிந்தது, நெட்ஸ்கேப் தோற்றது. விண்டோசுடன் உலாவியையும் இணைத்து விற்றமை முறையோ என்று அமெரிக்க அரசு 1998இல் வழக்குத் தொடுத்தது. நிறுவனத்தை இரண்டாகப் பிரிக்குமாறு 2000ஆம் ஆண்டிலே பிறந்த தீர்ப்பு, அடுத்த ஆண்டிலே மேன்முறையீட்டு மன்றத்தாற் தள்ளப்பட்டது. இதற்கிடையில், உலகிலே இணையத்தைப் பார்ப்போரிற் பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் எக்ஸ்புளோரரையே பயன்படுத்தும் நிலை வந்துவிட்டது. ஒரே உலாவி என்றால் ஒரே தோற்றம். சிக்கல் தீர்ந்ததன்றோ என்று கேட்கலாம். 2001இலே 6ஆம் பதிப்பை வெளியிட்ட பின்னர், 2006 வரை ஐந்தாண்டுக் காலம் அந்நிறுவனம் அடுத்த பதிப்பை வெளியிடவேயில்லை. போட்டியாளரில்லை, ஆகவே அவசரமுமில்லை. 6ஆம் பதிப்பின் குறைகளே உலகத்தின் இலக்கணமாயின.

தென்கொரியாவின் அனுபவம் இதிலே நினைக்கத்தக்கது. பணம் செலுத்தும் செய்திகளை மறைக்குறியாக்கும் வலிய முறைகளை அமெரிக்கா வெளிநாடுகளுக்கு அனுப்பத் தடைவிதித்திருந்த நாளிலே, அந்நாட்டார் சீட் என்னும் தமது சொந்த முறையொன்றை வகுத்தனர். உலாவிகளில் அம்முறை இல்லாமையால், எக்ஸ்புளோரருக்குள் மட்டும் பொருத்தத்தக்க அக்டிவ்எக்ஸ் என்னும் துணைக்கருவி வாயிலாக அதனைப் பரப்பினர். அறிவார்ந்த முடிவாகவே அன்று தோன்றியிருக்கும். ஆயின் வங்கிக்கும் கடைக்கும் அரசு அலுவலகத்துக்கும் அந்த ஓர் உலாவியே வாயிலாயிற்று. வேறு கணினி வைத்திருந்தோர் வெளியே நின்றனர். அம்முறையோடு பிணைந்திருந்த அரசுச் சான்றிதழின் தனியுரிமை சட்டப்படி நீங்கியது 2020ஆம் ஆண்டு திசம்பரிலேதான்.

விதிகளை நிலைநாட்டப் போராடியவர் வரலாறும் உண்டு. 1998இலே பக்கம் ஆக்குவோர் சிலர் கூடி வலைத் தரத் திட்டம் என்னும் இயக்கத்தைத் தொடங்கினர். ஆயினும் ஒரு தடை. உலாவிகள் திடீரென்று விதிப்படி நடக்கத் தொடங்குமாயின், பிழையான கணக்கை நம்பி எழுதப்பட்ட எண்ணிறந்த பழைய பக்கங்கள் உடைந்துவிடுமே! இச்சிக்கலுக்கு விடை 2000ஆம் ஆண்டு மார்ச்சிலே, மக்கின்ரொஷுக்கென வெளிவந்த எக்ஸ்புளோரர் 5ஆம் பதிப்பிலே, டன்ரெக் செலிக் என்பவரின் கைவண்ணமாக வந்தது. பக்கத்தின் முதல் வரியிலே அது எந்த விதிக்கு உட்பட்டது என்று அறிவிக்கும் வாசகம் முறையாக இருந்தால், புதிய கணக்கு. இல்லையாயின் பழைய கணக்கு. பழையாரையும் கைவிடாது புதியாரையும் தடுக்காத இவ்வேற்பாட்டை ஏனைய உலாவிகளும் ஏற்றுக்கொண்டன. இன்றும் அவ்வொரு வரியை எழுத மறந்தவர், தம் பக்கம் 1990களின் கணக்கிலே தோன்றக் கண்டு திகைப்பதுண்டு.

நெட்ஸ்கேப் 1998இலே பொதுமக்களுக்குத் திறந்துவிட்ட மூலநிரலிலிருந்து மொசில்லா இயக்கமும், அதிலிருந்து 2004 நவம்பரிலே பயர்பொக்ஸ் உலாவியும் தோன்றின. அப்பிளின் சபாரி 2003இலும் கூகிளின் குரோம் 2008இலும் வந்தன. 2004இலே அப்பிள், மொசில்லா, ஒபரா ஆகிய மூவரையும் சார்ந்தோர் தனிக்குழுவொன்றை அமைத்து, முன்னர் எவரும் செய்யாத ஒரு பணியை மேற்கொண்டனர். பிழையான பக்கத்தை எவ்வாறு பொருள்கொள்வது என்பதற்கும் விதி எழுதினர். ஊகித்து நடந்தவையெல்லாம் ஒரே வகையில் நடக்கத் தொடங்கின. இணையப் பக்கங்கள் இன்று பெரும்பாலும் ஒத்துத் தோன்றுவதற்கு, ஆரவாரமின்றிச் செய்யப்பட்ட இப்பணியே முதற்காரணம் என்பேன். எக்ஸ்புளோரரோ 2022ஆம் ஆண்டு சூன் 15ஆம் நாள் ஓய்வுபெற்றது. அதற்கு முன்னரே, 2020இல், மைக்ரோசொப்ட் தன் புதிய உலாவியாகிய எட்ஜை கூகிளின் உட்பொறிமீதே அமைத்துக்கொண்டது. ஒபராவும் 2013இலேயே தன் சொந்தப் பொறியைக் கைவிட்டிருந்தது. எஞ்சி நிற்பவை பெரும்பாலும் மூன்று பொறிகளே. அவற்றுள்ளும் ஒன்று ஏனைய இரண்டினும் மிகப் பெரிது. 2001ஐ நினைவிற் கொண்டோருக்கு இது முழு மகிழ்ச்சி தருவதன்று.

இனித் தமிழுக்கு வருவோம். ஆங்கிலப் பக்கம் உலாவிக்கு உலாவி மாறுமாயின் பத்தி சாயும், நிறம் மங்கும், வாசிக்க முடியும். தமிழ்ப் பக்கம் மாறுமாயின் வாசிக்கவே முடியாது போகும். 1991இலேயே யுனிக்கோட் என்னும் உலகப் பொதுக் குறியீட்டிலே தமிழுக்கு இடம் கிடைத்துவிட்டது. எனினும் அதனைத் திரையிற் காட்டும் ஆற்றல் விண்டோஸ் 2000ஆம் பதிப்புடனேயே பரவலாக வரத் தொடங்கிற்று. இடைப்பட்ட காலத்திலே தமிழர் தத்தமக்கேற்ற வழியைத் தேடினர். இலங்கைத் தமிழரிடையே பரவிய பாமினி எழுத்துரு, ஆங்கில எழுத்துகளின் இடத்திலே தமிழ் வடிவங்களை வைத்தது. உலகெங்குமுள்ள தமிழ் ஆர்வலர் கூடி ரிஸ்கி என்னும் குறியீட்டை வகுத்தனர். 1998ஆம் ஆண்டு பொங்கல் நாளிலே தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களை அதிலேயே வெளியிட்டது. தமிழ்நாட்டு அரசு 1999இலே தாம், தாப் என இரண்டை அறிவித்தது. பத்திரிகைகள் பல தத்தம் எழுத்துருவையே பயன்படுத்தின. வாசகர் ஒவ்வொரு தளத்துக்கும் ஒவ்வோர் எழுத்துருவைத் தம் கணினியில் நிறுவ வேண்டியிருந்தது.

இத்தொல்லையை நீக்கப் பக்கத்தோடு எழுத்துருவையும் உடன் அனுப்பும் முறை வந்தது. அதிலும் உலாவிப் போர் புகுந்தது. மைக்ரோசொப்ட் ஒரு கோப்பு வகையையும் நெட்ஸ்கேப் வேறொரு கோப்பு வகையையும் கேட்டன. ஒன்றை மட்டும் அனுப்பிய தளத்தை மற்றைய உலாவியிலே திறந்தவர் குழம்பிய குறிகளையே கண்டார். எல்லா உலாவிகளும் ஒப்பும் எழுத்துருக் கோப்பு 2012ஆம் ஆண்டு திசம்பரிலேதான் கூட்டமைப்பின் பரிந்துரையாயிற்று.

யுனிக்கோட் வந்த பின்னரும் தொல்லை உடனே ஒழியவில்லை. "கொ" என்னும் எழுத்தை நினைத்துப் பாருங்கள். கணினியிலே ககரம் முதலாவதாகவும் ஒகரத்தின் குறி அதன் பின்னும் சேமிக்கப்படுகின்றன. திரையிலோ கொம்பு முன்னே சென்று, கால் பின்னே நின்று, ககரம் நடுவில் அமைதல் வேண்டும். இவ்விட மாற்றத்தை அறியாத உலாவி குறிகளைச் சிதறவிட்டு, புள்ளிவட்டங்களை இடையிடையே தூவிவிடும். பயர்பொக்ஸ் உலாவியின் முதற் பதிப்புகள் விண்டோசிலே பொதுவாகத் தமிழைச் செவ்வனே காட்டின. ஆனால் பந்தியின் இரு ஓரங்களையும் நேராக்குமாறு ஆசிரியர் பணித்திருந்தால், வரியை நீட்டும் முயற்சியில் எழுத்துகளை உடைத்துக் கொம்பையும் காலையும் பிரித்துவிட்டன. அதே பக்கம் எக்ஸ்புளோரரில் ஒழுங்காகத் தோன்றும். அழகுக்காகச் செய்த ஒரு கட்டளை வாசிப்பையே கெடுத்தது. 2008இல் வந்த 3ஆம் பதிப்பு அதனைத் தீர்த்தது.

இன்று புதிதாக எழுதப்படும் தமிழ்ப் பக்கம் கைத்தொலைபேசியிலும் கணினியிலும் செவ்வனே தோன்றுகின்றது. முன்னர் எழுதப்பட்டவை வேறு கதை. 1990களின் பிற்பகுதியிலும் 2000களின் முற்பகுதியிலும் ஈழத்தவரும் புலம்பெயர்ந்தோரும் எழுதிய செய்திகள், கவிதைகள், மரண அறிவித்தல்கள், ஊர்க்குறிப்புகள் பல, பாமினி முதலிய எழுத்துருக்களிலேயே உள்ளன. அமெரிக்காவிலே 1996இல் நிறுவப்பட்ட இணையக் காப்பகம் பழைய பக்கங்களைச் சேர்த்து வைக்கின்றது. அத்தகைய பக்கமொன்றை அவ்வெழுத்துரு இல்லாத கணினியிலே திறப்பவர், "தமிழ்" என்று எழுதப்பட்ட இடத்திலே ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளையும் அவற்றின் பின் ஓர் அரைப்புள்ளியையும் காண்பார். எந்த எழுத்துரு என்பதை அறிந்தவருக்கு அவற்றை யுனிக்கோட்டுக்கு மாற்றித் தரும் கருவிகள் இணையத்திலே இலவசமாகக் கிடைக்கின்றன. எழுத்துருவின் பெயரே பக்கத்தில் எழுதப்படாதிருந்தால், ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்தே கண்டுபிடித்தல் வேண்டும்.